குழிக்கன்னத்தார் வீட்டு அப்புச்சி

ஆடிப் பதினெட்டு கழிந்த மூன்றாம் நாள் காலையில், ஊஞ்சக்காட்டூர் பேரூராட்சியில் குப்பை வண்டி தள்ளுகிற நஞ்சப்பனுக்கு, ஐம்பத்தேழாவது வயதில், இடது கன்னத்தில் குழி விழுந்தது. புண்ணும் இல்லை, தழும்பும் இல்லை. சிரித்தால் விழுந்து, சிரிப்பு முடிந்ததும் மறைந்துகொள்கிற, ஒரு நிலக்கடலைப் பருப்பை வைத்தால் நிற்கிற அளவுக்கு ஆழமான குழி. முதலில் பார்த்தவள் அவர் மனைவி வீராயி. வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே அவர் எதற்கோ சிரித்தபோது, "மாமா, கன்னத்துல என்னமோ பள்ளமாட்ட இருக்குது, இன்னொருக்காச் சிரிங்க பாக்கலாம்" என்றாள். அவர் சிரித்துக் காட்டினார். "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பழைய சோற்றில் மோர் ஊற்றப் போய்விட்டாள்.

அந்தக் குழி யாருடையது என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வண்டிப்பேட்டை வீதியில், இருபத்துநாலு விசைத்தறி ஓடுகிற பட்டறைக்கு எதிரே இருக்கிற மாடி வீட்டுக்குக் குழிக்கன்னத்தார் வீடு என்று பேர். அந்த வீட்டில் பிறந்த அத்தனை பேருக்கும், பட்டறை முதலாளி சென்னியப்பனுக்கும் அவர் தங்கைக்கும் செத்துப்போன அப்பாவுக்கும் ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் சம்யுக்தாவுக்கும், இடது கன்னத்தில் அதே இடத்தில் அதே ஆழத்தில் அதே குழி. கல்யாண வீட்டில் ஐநூறு பேர் நடுவில் நின்று சிரித்தாலும் இன்னார் வீட்டு ஆள் என்று பந்தியில் பரிமாறுகிறவன்கூடச் சொல்லிவிடுவான். இப்போது அந்தக் குழியோடு இன்னொருவர் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு, விசில் ஊதிக்கொண்டு வீதிக்குள் வந்தார்.

எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதைக்குப் பேர் போனவர்கள். பெற்ற பிள்ளையைக்கூட 'வாங்க கண்ணு' என்போம், பஸ்ஸில் காலை மிதித்துக்கொண்டு நிற்பவரிடம் 'காலைக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா' என்று கேட்போம், அடுப்படிக்குள் நுழைந்த பூனையையே 'போங்க சாமி' என்றுதான் விரட்டுவோம் என்று வெளியூரார் கேலி செய்வார்கள். கேலியில் பொய் இல்லை. ஆனால் இத்தனை மரியாதையும் நஞ்சப்பனின் வண்டி பக்கத்தில் வந்ததும் சட்டென்று தீர்ந்துவிடும். தவழ்கிற குழந்தை முதல் தடி ஊன்றுகிற கிழவர் வரை வீதியில் எல்லாருக்கும் அவர் நஞ்சா. 'நஞ்சா, இதை எடுத்துட்டுப் போ', 'நஞ்சா, நேத்து எங்கடா போயிட்டே'. பூனைக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். எண்ணிப் பார்த்துச் சொன்னால்தானே எண்ணம் நல்லதா கெட்டதா என்ற பேச்சு. மாமா என்றும் சித்தப்பா என்றும் அவரைக் கூப்பிட ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தெருவே இருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை.

காரணம் என்று தேடினால் தமயந்தி டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாட்ச்மேனை 'ஏய்' என்கிறார்கள், சத்துணவு அம்மாவை 'இங்க வா' என்கிறார்கள் என்று மனசு நொந்துபோன அந்த டீச்சர், "பெரியவங்க எல்லாரையும் முறை வெச்சுத்தான் கூப்புடணும். மாமா, அத்தை, சித்தப்பா, அப்புச்சி, அப்பிடி. நாளைக்கு யார் யாரை என்ன முறை சொல்லிக் கூப்புட்டீங்கன்னு எனக்குச் சொல்லணும்" என்று சொல்லி அனுப்பினார். எல்லாரையும் என்றால் எல்லாரையும் இல்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்புக்குத் தெரியாது.

சம்யுக்தா அன்று சாயங்காலம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மாமாவுக்கு ஆள் இருந்தது, அத்தைக்கு ஆள் இருந்தது, சித்தப்பாவுக்கு மூன்று பேர் இருந்தார்கள். அப்புச்சி என்ற முறை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் புதுசாகக் கிடந்தது. "அம்மா, அப்புச்சின்னு யாரைக் கூப்புடறது?" என்று கேட்டாள். அவள் அம்மா பூங்கோதை தோசையைத் திருப்பிப் போட்டாள். "அம்மாவோட அப்பாவைத்தான் அப்புச்சிங்கறது சாமி. எங்கப்பா நான் ஆறாவது படிக்கறப்பவே போயிட்டாங்க. நீ வேற ஆரையாச்சும் கூப்புட்டுக்கோ" என்றாள். வேறு யாரை என்று சம்யுக்தாவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போன மாசம் அவளுடைய வால் ஒடிந்த பிளாஸ்டிக் யானை குப்பையோடு குப்பையாகப் போனபோது, இரண்டு தொட்டியையும் கவிழ்த்துத் தேடி எடுத்து, குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் இருக்கிறாரே.

மறுநாள் விசில் சத்தம் கேட்டதும் வீட்டுக் கேட்டுக்கு ஓடி, கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, "அப்புச்சி, வாங்க" என்றாள். நஞ்சப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீதியில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் அது வேறு யாரையோ என்று நினைத்துவிட்டார். "அப்புச்சி, உங்களைத்தான். யானைக்கு வால் ஒட்டியாச்சு" என்று அவள் இன்னொரு முறை சொன்ன பிறகுதான் வண்டியை நிறுத்தினார். தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பூங்கோதைக்கு அந்த வார்த்தை இந்த வீட்டு வாசலில் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது, வாளியில் தண்ணீர் தீர்ந்த பிறகும் தெளித்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த நாள் காலையில்தான் குழி விழுந்தது.

அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை. அந்த வாரம் ஒன்றாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளும் வீட்டுப்பாடம் செய்தார்கள். மளிகைக்கடைக்காரர் மகன் தையல்கடை ஜமாலை மாமா என்று கூப்பிட, மளிகைக்கடை வீட்டாருக்கே உரிய முன்பல் சந்து மறுநாள் ஜமாலுக்கு வந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுக்க முடியாமல் அவர் கத்தரிக்கோல் தேடினார். பூ விற்கிற அம்மாவுக்கு வாத்தியார் வீட்டுச் சேர்ந்த புருவம் வந்தது. தண்ணீர் திறந்துவிடுகிறவருக்கு ஒரே நாளில் மூன்று வீட்டு அடையாளம் வந்து, தலையில் இரட்டைச் சுழி, மூக்கு நுனியில் மச்சம், சுண்டுவிரல் கோணல் என்று, கண்ணாடி முன்னால் நின்று யாரையோ பார்ப்பதுபோல் வணக்கம் சொன்னார். வாய் முறை சொல்லி, மனசும் அதையே சொன்னால், சொல்லுகிற பிள்ளையின் வீட்டு அடையாளம் கேட்கிறவர் மேல் போய் இறங்கும் என்பதை ஊர் இரண்டே நாளில் புரிந்துகொண்டது. கரண்ட் வருவது போவது மாதிரி அதற்கும் பழகிக்கொண்டது. தமயந்தி டீச்சருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. டீச்சரை டீச்சர் என்றுதானே கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கல்யாணத் தரகர் ஒருவர் பாடுதான் பெரும்பாடு ஆகிவிட்டது. முகத்தைப் பார்த்தே இவர்கள் பங்காளி, இவர்கள் மாமன் மச்சான் என்று சொல்லிவிடுகிற மனுஷன் அவர். இப்போது பூக்காரம்மாவைப் பார்த்து வாத்தியாருக்கு ஒரு தங்கை இருக்கிறதை என்னிடம் மறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனார். பலசரக்கு ஏஜென்சிக்காரர் ஒருவர், பெரிய வீட்டுக் குழி தனக்கும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று, சம்யுக்தாவுக்குத் தேன்மிட்டாய் கொடுத்து மாமா என்று கூப்பிடச் சொன்னார். அவள் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மாமா என்றாள். அவருக்குப் பத்து நாள் கண்ணாடி பார்த்ததுதான் மிச்சம். போனதைத் திருப்பி எடுக்கவும் ஒரு வழி இருந்தது. ஆயுத பூஜைக்குக் கால்சட்டை தைத்து முடியவில்லை என்ற கோபத்தில் மளிகைக்கடைப் பையன் ஜமாலை 'யோவ் தையக்காரா' என்று கத்திவிட, அடுத்த நாள் பல் சந்து மூடிக்கொண்டது. பல் சேர்ந்ததில் நாக்கைக் கடித்துக்கொண்ட ஜமால், பையன் சமாதானமாகி மறுபடி மாமா என்று கூப்பிடும்வரை ஒரு வாரம் இட்லி மட்டும்தான் சாப்பிட்டார்.

இதற்குள் விவரமான பெற்றோர்கள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கிள், ஆன்ட்டி. அந்த இரண்டு வார்த்தையில் ஒரு வீட்டு மூக்கும் இன்னொரு வீட்டுக்குப் போகவில்லை. மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, முகமும் வீட்டோடு தங்கிற்று என்று சந்தோஷப்பட்டு, பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் மாறிக்கொண்டன. சம்யுக்தா மாறவில்லை. "அங்கிள்னா யானைக்குப் புரியாது" என்றாள். அதில் என்ன நியாயம் என்று கேட்டால் ஆறு வயசில் கேட்டிருக்க வேண்டும்.

நஞ்சப்பன் அந்தக் குழியை எப்படி வைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகக் குனிந்தே வண்டி தள்ளியவர் அவர். இப்போது டீக்கடைக் கண்ணாடியைக் கடக்கும்போது ஒரு தரம் நிமிர்ந்து சிரித்துப் பார்த்துக்கொண்டார். வீராயி வேண்டுமென்றே அவரைச் சிரிக்கவைத்துவிட்டு அதில் விரலை வைத்துப் பார்ப்பாள். அவருக்கு மூன்று பேரப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களும் அப்புச்சி என்றுதான் கூப்பிட்டார்கள், அது ரத்தத்தில் வந்தது. இது ஒரு பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. தன் வாழ்நாளில் யாரும் தனக்கு இப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை என்று வீராயியிடம் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. "அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப்போடறீங்க, சிரிச்சாத்தான தெரியும்" என்றாள் அவள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா. கோயில் கூட்டத்தில் யாரோ ஒருவர், "சென்னியப்பா, உங்க கூட்டத்துல இன்னொரு பங்காளி இருக்கறாராம், பச்சைத் தொட்டி நீலத் தொட்டின்னு பாகம் பிரிச்சு வெச்சிருக்கறாராம்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார், குழி விழுந்தது, அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். அவர் மோசமான மனுஷன் இல்லை. தறிக்காரர்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் முதலில் கார் அனுப்புகிறவர். ஆனால் அன்று வீட்டுக்கு வரும்போது ஒரு முடிவோடு வந்தார்.

"பாப்பா நாளைக்குக் காலையில எல்லார் முன்னாலயும் நஞ்சானைப் பேர் சொல்லிக் கூப்புடணும். 'டேய்'னு சேர்த்துச் சொல்லணும். குழி போயிரும், பேச்சும் போயிரும்" என்றார்.

"பெரியவங்களை அப்பிடிக் கூப்புடக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்கப்பா" என்றாள் சம்யுக்தா.

"அது பெரியவங்களுக்கு."

"அப்புச்சி பெரியவங்கதான? முடி பூரா வெள்ளையாயிருச்சு."

பதில் தெரியாத அப்பாக்கள் செய்வதையே சென்னியப்பனும் செய்தார், குரலை உயர்த்தினார். பிள்ளை அழுதது. பூங்கோதை, "புள்ளைக்கு அதைச் சொல்லித் தரோணும்னா நீங்களே சொல்லிக் குடுங்க, நான் பக்கத்துல நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சென்னியப்பன் நஞ்சப்பனையும் பட்டறை வாசலில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். "காலையில பாப்பா கூப்புடும். நின்னு கேட்டுட்டுப் போ."

"சரிங்க சாமி" என்றார் நஞ்சப்பன்.

வீட்டுக்குப் போய் வெகுநேரம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் வீராயி கேட்டதும் சொன்னார். "குழி போனாப் போவுது புள்ளே. இத்தனை நாள் அது இல்லாமத்தான இருந்தேன். அந்தப் புள்ளை வாயில அந்தச் சொல்லு வரோணுமான்னுதான் இருக்குது." சொல்லும்போதே அவர் கை கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. குழி போனால் போகட்டும் என்று அவர் சொன்னதில் பாதி பொய் என்று வீராயிக்குத் தெரியும். அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் வீதியில் அத்தனை பேருக்கும் வாசலில் வேலை இருந்தது. போட்ட கோலத்தின் மேலேயே கோலம் போட்டார்கள், துடைத்த பைக்கையே துடைத்தார்கள். விசில் சத்தம் கேட்டது, வண்டி வந்தது, குழிக்கன்னத்தார் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நின்றது. சம்யுக்தா பள்ளிக்கூட உடுப்போடு, ரிப்பன் கட்டி, கேட்டுக்கு வெளியே நின்றாள். பின்னால் அவள் அப்பா. பிள்ளை ரிப்பன் நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். நஞ்சப்பன்தான் வண்டியை விட்டுவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்து, அவள் உயரத்துக்குக் குனிந்து, "சொல்லிப்போடு கண்ணு. அப்புச்சி ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்" என்றார். அந்த வீதியில் தன் வாயால் தன்னை அப்புச்சி என்று அவர் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை. பிள்ளை அவரைப் பார்த்தது. பிறகு கழுத்தைத் திருப்பி, அண்ணாந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "டேய் நஞ்சா, போடா" என்றது.

நஞ்சப்பன் தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலையில் முகச்சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நின்ற சென்னியப்பன், சோப்பு நுரையை வழித்துவிட்டுப் பார்த்தபோது, இடது கன்னம் கழுவிய தட்டு மாதிரி சமமாக இருந்தது. சிரித்துப் பார்த்தார். வலது பக்கமாகச் சாய்ந்து சிரித்தார், பல்லைக் காட்டிச் சிரித்தார், விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒன்றும் விழவில்லை. அதே நேரத்தில் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் வீராயி, "மாமா, இருக்குதுங்க, அப்பிடியே இருக்குது" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீதி இதையும் உடனே புரிந்துகொண்டது. பிள்ளை வாய் நஞ்சா என்றதே தவிர, மனசு யாரை டேய் என்றதோ அவர் கணக்கில்தான் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறப்பில் வந்த குழியாக இருந்தால் என்ன, கூப்பிட்டு வந்த குழியாக இருந்தால் என்ன, அந்தச் சொல்லுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு சென்னியப்பன் பட்டது சொல்லி மாளாது. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தறிக்காரன், "முதலாளி வர்ற நேரமுங்க, நீங்க யாருங்க" என்று கேட்டான். கோவையிலிருந்து வீடியோவில் கூப்பிட்ட தங்கை, "போனை அண்ணன்கிட்டக் குடுங்க" என்றாள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வீட்டுக்குள் இருந்தது. சம்யுக்தா அவரிடம் மரியாதையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. வாங்கப்பா என்றாள், சாப்பிடுங்கப்பா என்றாள், டாட்டா சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். ஒரு 'ங்க' குறையவில்லை. ஆனால் அப்பா என்ற சொல் வாயோடு நின்றுவிட்டது, அவர் வரைக்கும் வரவில்லை. வரவில்லை என்பது கன்னத்தில் தெரிந்தது. கலர் பென்சில் பெட்டி வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். "நன்றிங்கப்பா" என்றாள். அன்றைக்கு அவர் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

"புள்ளைக்கு என்ன செய்யோணும்னு சொல்லு, செய்யறேன்" என்று பூங்கோதையிடம் கேட்டார்.

"அவளுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க" என்றாள் பூங்கோதை. "அவ என்ன கேட்டா? பெரியவங்கதானன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதுக்கு நீங்க பதிலே சொல்லலையே."

சென்னியப்பனுக்குத் தன் ஐந்தாவது வயசு ஞாபகம் வந்தது. அப்போது நஞ்சப்பனுக்கு இருபத்துநாலு வயசு இருக்கும், சாக்கடை அள்ளிப் போட வருவார். வேலை முடிந்து போகும்போது சென்னியப்பனை வண்டியில் ஏற்றிப் பிள்ளையார் கோயில் வரை தள்ளிக்கொண்டு போய்விட்டுக் கொண்டுவந்து இறக்குவார். அண்ணா, வேகமா, அண்ணா, இன்னும் வேகமா என்று கத்திக்கொண்டே ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, அப்பா கன்னத்தில் ஒன்று வைத்தார். எதற்கு அடித்தார் என்று சொல்லவில்லை. பிள்ளையே புரிந்துகொண்டது. அன்றிலிருந்து நஞ்சா. அந்த அடியை முப்பத்துமூன்று வருஷமாக மறந்திருந்தவருக்கு, தானும் அதே இடத்தில் மகளை நிறுத்தியது தெரிந்ததும், தன் மேலேயே வெட்கம் வந்தது. அந்த வெட்கம் நல்லது, அது பலருக்கு வருவதே இல்லை.

அடுத்த நாள் காலை விசில் சத்தம் கேட்டதும் கேட்டில் போய் நின்றார். வாங்க என்று சொல்லுவதாக உத்தேசம். வண்டி வந்தது. 'வா' வரைக்கும் வந்தது, மிச்சம் தொண்டையில் நின்றுகொண்டது, அதை இருமலாக மாற்றி உள்ளே கொண்டுபோய்விட்டார். பூனைக்குச் சொல்லுகிற வாய்தான். வராத இடத்தில் வராது. இரண்டாம் நாள், "வந்து... மழை வர்றாப்புல இருக்குது" என்றார். மேகமே இல்லை. மூன்றாம் நாள் முழுசாக வந்துவிட்டது. "வாங்க" என்றார்.

நஞ்சப்பன் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. "ஆரு வர்றாங்க சாமி?" என்று கேட்டார்.

"உங்களைத்தான் சொன்னேன். அன்னைக்குப் பாப்பாவை அப்பிடிச் சொல்ல வெச்சது எந் தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க. சாமின்னும் இனிமேச் சொல்ல வேண்டாம்."

நஞ்சப்பன் வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "சரிங்க சாமி" என்றார். பிறகு, "அப்பறம் என்னன்னுங்க கூப்புடறது?" என்று கேட்டார்.

"உங்க பேத்தியக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சென்னியப்பன் வேகமாக உள்ளே போய்விட்டார். காதெல்லாம் சூடாகிவிட்டது அவருக்கு.

பேத்தியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பேத்திக்கு அப்பா என்றால் என்ன முறை என்பது நாட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிவது வேறு, வாய்க்கு வருவது வேறு. சாமியை விட்டாயிற்று, மாப்ளை வரவில்லை. பதினொரு நாள் நஞ்சப்பன் சென்னியப்பனை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. முறை தெரியாத இடத்தில் நாமெல்லாம் செய்வதுபோல மொட்டையாகவே ஓட்டினார்: "என்னங்க, இந்தக் கவரு கிழிஞ்சிருக்குதுங்க", "வந்துங்க, கேட்டைச் சாத்திக்குங்க". வீட்டில் வீராயி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, மூக்கை விடைத்துக்கொண்டு, சென்னியப்பனாக நின்று, "எங்கே, சொல்லுங்க பாக்கலாம்" என்று பழக்கிப் பார்த்தாள். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துவிட்டு, "சின்னப் புள்ளைக எப்பிடித்தான் பட்டுனு சொல்லுதுகளோ" என்றார். கேட்டில் தினமும் நின்றுகொண்டிருந்த சென்னியப்பனுக்கும் அந்தப் பதினொரு நாள் எளிதாகப் போகவில்லை. கன்னத்தைத் தடவிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார். சம்யுக்தா மாடி ஜன்னலிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள், விடியும்வரை பெய்த மழையில் வண்டிப்பேட்டை வீதி சேறாகக் கிடந்தது. எங்கள் வீதி மேற்கே மேடு, கிழக்கே இறக்கம். மேட்டு வீடுகளின் நனைந்த குப்பையெல்லாம் ஏற்றிக்கொண்டு கல்லாகக் கனத்துப் போயிருந்த வண்டி, இறக்கத்தில் நஞ்சப்பனையும் இழுத்துக்கொண்டு சறுக்க ஆரம்பித்தது. காலை ஊன்றினார், செருப்பு வழுக்கியது. கீழே நடுவீதியில், இரண்டு நாளாகத் தீராத ஒரு தறிச் சிக்கலை நினைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு சென்னியப்பன் நின்றிருந்தார். யோசிக்க நேரமில்லை, முறை பார்க்க நேரமில்லை, பயப்படவும் நேரமில்லை. "மாப்ளை, அக்கட்டால போங்க, வண்டி வருது மாப்ளை" என்று நஞ்சப்பன் கத்தினார்.

வீதியில் கை வேலை அத்தனையும் நின்றது. சென்னியப்பன் திரும்பினார். திரும்பியவர் நகரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டபடி, வாயைத் திறந்துகொண்டு, சேற்றில் நட்டுவைத்த மாதிரி நின்றுவிட்டார். கேட்டுக்குள் பல் விளக்கிக்கொண்டிருந்த சம்யுக்தா வாயில் நுரையோடு ஓடி வந்து, அவர் வேட்டியைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்து, "அப்பா, அப்புச்சி சொல்றாங்கல்ல, இங்க வா அப்பா" என்றாள். அவசரத்தில் அப்பாவுக்கு ஒரு 'ங்க'வும் வைக்கவில்லை.

சென்னியப்பன் தள்ளி வந்தார், வண்டி அவரை உரசிக்கொண்டு போய் மின்கம்பத்தில் முட்டி நின்றது. அவர் சிரித்தார். குழி விழுந்ததா என்று பார்க்க வீதியே எட்டிப் பார்த்தது. ஆனால் அவர் மகள் பக்கம் குனிந்திருந்தார், அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.